வெள்ளிக் கவசத்துக்குள் ஒரு ஸ்வெட்டர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு வேர்த்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேர்த்ததை அவர் பார்த்ததும் அதே நாளில்தான். மற்றபடி இந்த மலையில், வட்டவளைப் பக்கத்தில் யாருக்கும் வேர்ப்பதில்லை. இங்கே வருவது மழை. அது நின்றால் மூட்டம். அதுவும் விலகி வெயில் வந்துவிட்டால், என்ன கெடுதலுக்கோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

பிள்ளை மடுவம் என்பது, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளையும் நடை பயின்ற குழந்தைகளையும் விட்டுப் போகும் இடம். இப்போது வாசலில் மூன்று மொழியிலும் நீளமான பெயர்ப்பலகை வந்துவிட்டது. வாயில் வருவது மடுவம்தான். அதைப் பார்த்துக்கொண்ட அவரைப் பிள்ளைகள் ஆயாம்மா என்பார்கள். அதுவே தோட்டம் முழுவதற்கும் அவர் பெயராயிற்று. இப்போது அவர் இங்கில்லை. மகளோடு கடலோரம் நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டார். போன மாதம் போனில் பேசியபோது, "அங்க வேர்க்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ங்கய்யா," என்றார்.

எதற்கும் அதுதான் பதில். மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தாலும் "இருக்கட்டும்ங்கய்யா". மடுவத்து அடுப்பு புகைந்தாலும் அதேதான். ஒருநாள் பால்மா கரைக்கக் கொதிநீர் ஊற்றும்போது கேத்தல் சரிந்து அவர் இடது கையில் கொட்டியது. நான் பக்கத்தில் நின்றேன். அலறியது நான். அவர் கேத்தலை நிமிர்த்தி வைத்தார், மூடியை எடுத்து மூடினார், அழுத குழந்தைக்குப் போத்தலைக் கொடுத்தார், அப்புறம் வெளியே மலைத் தண்ணீர் வரும் பீலியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். மருந்து வாங்க ஓடிய நான் திரும்பி வந்தபோது கை வீங்கி அப்பம் மாதிரி இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"இருக்கட்டும்ங்கய்யா. நீங்க உக்காருங்க, மூச்சு வாங்குது ஒங்களுக்கு."

எனக்கு அன்று ஒரு பயம் வந்தது. நெருப்பு பிடித்தாலும் இந்த அம்மா சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் நானாக இருந்தால் என்ன ஆவது?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தேயிலைப் பைகளையும், அன்றன்று வேலைக்கு வந்த பேர்களையும், கொழுந்து நிறுத்த கிலோவையும் எண்ணி எண்ணி, ஓய்வு பெற்ற பின்னும் கை நிற்கவில்லை. வீட்டுப் படியை எண்ணுவேன், மாத்திரையை எண்ணுவேன். "கஞ்சியில மிதக்கிற சோத்தையும் எண்ணிட்டுத்தான் குடிப்பீங்களா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். எண்ணியிருக்கிறேன். குளிர் எனக்கு ஆகாது. ஆண்டு முழுவதும் உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். இப்படிக் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்குள் அலைவது தாங்காமல்தான் அவள் காலையில் என்னை வெளியே அனுப்பிவிடுவாள். வெளியே வந்தால் போக வேறு இடமில்லை. மடுவம்தான்.

அங்கே போய் உட்கார்ந்து பிள்ளைகளை எண்ணுவேன். பதினேழு பேர். அந்த அம்மா எண்ணவே மாட்டார். மாலையில் தாய்மார் வரும் நேரத்தில் வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

"எண்ணிப் பாருங்கம்மா."

"பாத்தாத் தெரியும்ங்கய்யா."

தெரியவில்லை ஒருநாள். நான் எண்ணினேன், பதினாறு. மறுபடியும் எண்ணினேன், பதினாறு. மூட்டை கட்டி வைத்திருந்த பழைய படங்குச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பயல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தவன் நான். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்ற எண்ணிக்கையும் என்னிடம் உண்டு. அந்த அம்மா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "தூங்குனா தூங்கட்டும்னு வுட்டுருப்பேன்," என்றார். தவறை ஒப்புக்கொண்டாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குளவி வந்தது அதற்கு அப்புறம்.

மடுவத்து முற்றத்தின் ஓரத்தில் ஒரு பெரிய யூக்கலிப்டஸ் மரம். அதில் பிள்ளைகளுக்கு டயர் ஊஞ்சல் கட்டியிருந்தது. மேலே எங்கேயோ கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. காற்றிலோ, கழுகு மோதியோ, ஒரு காலையில் கலைந்துவிட்டது. பிள்ளைகள் முற்றத்தில் இருந்தார்கள். நானும் இருந்தேன். நான் ஓடினேன். ஒரு செருப்பு முற்றத்தில், இன்னொன்று தண்ணீர் ஓடும் கானில். அந்த அம்மா ஓடவில்லை. கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குகள் பீலியடியில் ஊறப் போட்டிருந்தன. அவற்றை ஈரத்தோடு இழுத்து வந்து, பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து மேலே போட்டு மூடி, ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனார். ரெண்டு பிள்ளைகளுக்குக் கொட்டியது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். எனக்குக் கொட்டியது ஒன்று, காதில். அந்த ஒன்றைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு முதுகு முழுவதும் கொட்டியிருந்தது என்பது, சாயந்தரம் என் மனைவி அவர் ரவிக்கையைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

தோட்ட நிர்வாகம் ஆள் அனுப்பிக் கூட்டை எடுத்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் அழுகை. கொசு பறந்தால் ஓட்டம். மழை இல்லாத நாளிலும் பதினேழும் அந்த ஒரே அறைக்குள் இருமிக்கொண்டும் கடித்துக்கொண்டும் கிடந்தன. தர்ஷினி என்று ஒரு பெண், ரெட்டைச் சடை, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறவள், எல்லோருக்கும் தலைவி. அவள் வாசற்படியைத் தாண்டவில்லை என்றால் வேறு யாரும் தாண்ட மாட்டார்கள்.

ஒருநாள் சோறு ஊட்டும்போது அவள் கேட்டாள். "ஆயாம்மா, குளவி திரும்பி வருமா?"

வராது என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்.

"வந்தா வரட்டும். மேல நட்சத்திரத்துல ஒரு ஆளு இருக்காரு. ஒடம்பெல்லாம் வெள்ளித் தகடு. குளவி கொட்டுனா குளவிக்குத்தான் வலிக்கும். அவரு வந்து மரத்தடியில நின்னாருன்னா ஒன்னும் கிட்ட வராது."

"எப்ப வருவாரு?"

"சிறுவர் தினத்துக்கு."

பிள்ளைகள் தூங்கிய பிறகு என்னிடம் வந்தார். "வாய் தவறிச் சொல்லிட்டேங்கய்யா. இனி அவரு வரணும்ல."

அந்த வேஷத்தில் அவரேதான் வர முடிவு செய்தார். தோட்டத்து இளந்தாரிகள் எல்லாம் கொழும்பில். இருக்கிறவர்களிடம் சொன்னால் அன்று மாலையே லயத்துக் குடியிருப்பு முழுவதும் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் எல்லாம் போச்சு. நட்சத்திரத்து வீரன் என்று போய் நின்று, கடைசியில் தலையைக் கழற்றினால் உள்ளே ஆயாம்மா இருக்கிறார் என்றால், அப்புறம் அந்தப் பிள்ளைகள் கதவை விட்டு எப்போது வரும்? ஆகவே விஷயம் எங்கள் மூன்று பேருக்குள். அவர், நான், என் மனைவி. "ரெண்டு பேருக்குள்ளன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. "ஒங்களுக்குத் தெரிஞ்சா அது ரகசியம் இல்ல."

கவசம் எங்கள் வீட்டில் விறகு அடுக்கும் காம்பராவில் உருவாயிற்று. யாரோ நன்கொடையாகக் கொடுத்த ரப்பர் பாய் மடுவத்தில் இருந்தது. கட்டம் கட்டமாகக் கோத்து விரிப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் இலக்கம். அதில் ஓரம் பிய்ந்த கட்டங்களை எடுத்து வந்து, சுடுநீரில் காட்டி வளைத்து, மார்புக்கும் முதுகுக்கும் தோளுக்கும் கைக்கும் காலுக்கும் வெட்டினார். இலக்கம் உள்பக்கம். வெளிப்பக்கத்தில் கூரைத் தகரத்துக்குப் பூசும் வெள்ளிப் பெயின்ட். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் ஒன்றுக்கு அதே பெயின்ட். கண்ணுக்கு முன்னால் இருண்ட கண்ணாடி வேண்டும் என்றபோது நான் என் எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவந்தேன். ஒன்பது இருந்தன, எல்லாம் நெஞ்சு, எதிலும் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னவை. அவற்றில் தெளிவானதைத் தேர்ந்தெடுத்து வெட்டினோம். வாய்ப் பக்கமாகத் தண்ணீர் குடிக்க ஒரு சேலைன் குழாய்.

போனில் இதைப் பற்றி வீடியோக்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் பெரிய மனிதர்களே இப்படிக் கவசம் செய்து போட்டுக்கொள்கிறார்கள். ஒரு தாடிக்காரர் ஆங்கிலத்தில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். அவர் கோந்தைப் பற்றிக் கொஞ்சமும், பெயின்டைப் பற்றிக் கொஞ்சமும் சொல்லிவிட்டு, மீதி நேரமெல்லாம் சூட்டைப் பற்றியே பேசினார். உள்ளே வெந்துவிடும், மெல்லிய உடை போடுங்கள், காற்று வர வழி செய்யுங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், மயக்கம் வருவது உங்களுக்கே தெரியாது.

"எந்த ஊருங்கய்யா இவரு?"

"ஏதோ பாலைவனப் பக்கம்."

"அதான்," என்றார் அந்த அம்மா. எனக்கும் அது சரியாகப் பட்டது. வட்டவளையில் சூடா? நான் அவருக்குச் சளி பிடிக்கும் என்றுதான் கவலைப்பட்டேன். வேகமாக நடந்தால் மூச்சுப் பட்டு எக்ஸ்ரே மங்கியது. அதற்காக, பழைய கம்ப்யூட்டரில் இருந்த சின்ன மின்விசிறியை ஹெல்மெட்டின் உச்சியில் வைத்து, போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்கோடு இணைத்தோம். நன்றாக ஓடியது. ஓடுகிறதா என்று நான் அடிக்கடி போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இதற்கிடையில் மடுவத்தில் தர்ஷினி பாயை விரித்தாள். "ஆயாம்மா, அஞ்சக் காணோம்."

"எங்கயாச்சும் கெடக்கும்."

அஞ்சு மட்டுமா, ரெண்டும் ஏழும் கூடக் காணோமே என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். தர்ஷினி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவளும் எண்ணுகிறவள். எனக்கு அவளைக் கண்டால் பயம்.

சிறுவர் தினம் விடிந்தபோது மூட்டம் வாசல் வரைக்கும் வந்திருந்தது. அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு விறகுக் காம்பராவுக்குள் போனார். மார்பும் முதுகும் கோத்து, பிளாஸ்டிக் பட்டிகளை இறுக்கி, மேலே டேப் ஒட்டிக்கொண்டிருந்தோம். கழுத்துப் பக்கம் பச்சைக் கம்பளி நூல் தெரிந்தது. காலையில் முகம் கழுவியதும் ஸ்வெட்டர் போடுவது இங்கே எல்லோருக்கும் பிறந்தது முதல் பழக்கம். அதைப் போட்டோம் என்பதே நினைவிருக்காது. நான் அதைப் பார்த்தேன். நல்லவேளை, ஸ்வெட்டர் போட்டிருக்கிறார் என்று நிம்மதியானேன்.

எங்கள் வீட்டிலிருந்து மடுவத்துக்கு ஏற்றம். தேயிலைக்குள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை. முன்னால் வெள்ளி வீரன், பின்னால் குடை, தண்ணீர்ப் போத்தல், துவாய், டேப், நகவெட்டி சகிதம் நான். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் தொங்கிய பழைய வெப்பமானி ஒன்று என்னிடம் இருந்தது. குளிர் எவ்வளவு என்று பார்ப்பதற்காக அதை அவர் முதுகுத் தகட்டுக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இரண்டாவது வளைவில் மூட்டம் விலகியது. மூன்றாவது வளைவில் வெயில், பெயின்ட் பூசிய முதுகில் பட்டு என் கண்ணைக் கூச வைத்தது. வெப்பமானியை இழுத்துப் பார்த்தேன்.

"முப்பத்திரண்டும்மா."

"இருக்கட்டும்ங்கய்யா."

அடுத்த வளைவு. "முப்பத்தாறு."

"சொல்லாதீங்கய்யா."

உச்சியில் விசிறிச் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பவர் பேங்க் செத்துவிட்டது. சரியாக ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்தே அதை நான் ஓட்டி முடித்திருந்தேன்.

"கொஞ்சம் நிப்போமா?"

"புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

அடுத்த வளைவில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே நின்றார். பாதையோரத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, அன்று காலியாக இருந்தது. அதன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா," என்றார், "முடியலங்கய்யா."

எத்தனையோ தடவை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் காத்திருந்த சொல். வந்தே விட்டது. இரண்டு விரலைக் காட்டி, "எத்தன?" என்று கேட்டேன். வேறென்ன கேட்கத் தெரியும் எனக்கு? "நாலு," என்றார். நகவெட்டியால் பட்டிகளை வெட்டினேன். ஒன்றைத் தவறவிட்டு இன்னொன்றைப் பிடித்தேன். ஹெல்மெட்டைத் தூக்கியதும் அந்த முகத்தைப் பார்த்தேன். பீட்ரூட் நிறம். மூக்கு நுனியிலிருந்து, காதிலிருந்து, தாடையிலிருந்து வேர்வை வடிந்தது. ஸ்வெட்டரிலிருந்து, அரிசிப் பானையைத் திறந்தது போல ஆவி எழுந்தது. அதைக் கழற்றி, நிழலில் சாய்த்து, போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றி, குடையால் விசிறினேன். குடையால் விசிற முடியாது. ஆனாலும் விசிறினேன்.

மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. மேலே மடுவத்திலிருந்து பிள்ளைகள் பாடுவது கேட்டது. அன்று லீவு போட்டு வந்திருந்த தாய் ஒருத்தி அவர்களை வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து, "வந்துட்டாரா? வந்துட்டாரா?" என்று ஒரு குரல். அது தர்ஷினி.

"மறுபடியும் மாட்டி வுடுங்கய்யா."

"மாட்டேன்," என்றேன். அந்த அம்மாவிடம் நான் முடியாது என்று சொன்ன ஒரே தடவை அதுதான். "ஒங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா பதினேழுக்கும் யாரு இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை, பிறகு காலிலிருந்து தலை வரை.

"ஐயா, நீங்க எப்பவும் குளுருது குளுருதுன்னுதானே சொல்வீங்க?"

எனக்கு விளங்குவதற்குள் மார்புத் தகடு என் மேல் இருந்தது. உயரம் சரியாக இருந்தது. வயிறு மட்டும் கொஞ்சம் மறுத்தது.

"ஸ்வெட்டரக் கழட்டுங்கய்யா."

கழற்றினேன்.

"அதையும் கழட்டுங்க."

"அது இருக்கட்டும்மா," என்றேன். கண் எதிரே ஒருவர் வெந்ததைப் பார்த்த பிறகும், உள் ஸ்வெட்டரைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. படித்தவன் என்று ஊரில் பெயர். அவர் வாதாடவில்லை. துவாயைக் கொட்டகைப் பக்கத்துப் பீலியில் நனைத்துப் பிழியாமலே என் கழுத்தைச் சுற்றினார். தண்ணீர் முதுகுவழியே இறங்கியபோது நான் போட்ட சத்தம் மறுபடியும் பாட்டு தொடங்கியிருந்ததால் மேலே கேட்கவில்லை. வெட்டிய பட்டிகளுக்குப் பதில் டேப்பைச் சுற்றி ஒட்டினார், ஹெல்மெட் மூடியது. பிறகு நான் பார்த்த உலகம் முழுவதும் என் விலா எலும்புகளுக்கு இடையில்தான் இருந்தது.

"பேசாதீங்க. மெதுவா நடங்க. மரத்தடியில போய் நில்லுங்க, அது போதும். நான் முன்னால போறேன்."

முன்னால் போனார். பிள்ளைகள் பார்க்கும்போது அவர் ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தேயிலைக்குள்ளிருந்து நான் ஏறி வந்தேன். இருட்டான உலகில் சின்னச் சின்னத் தலைகள் கதவுக்குப் பின்னால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சத்தமே இல்லை.

"அது ஆயாம்மாதான்னு சொன்னியே," என்று ஒரு பயல் தர்ஷினியிடம் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். திரும்பி, பக்கத்தில் நிற்கும் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சேலையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். "ஆயாம்மா இங்க இருக்கு," என்றாள். அவள் போட்ட கணக்கு அந்த இடத்தில் உடைந்தது எனக்குத் தெரிந்தது. அந்த வலி எனக்குத் தெரியும்.

மரத்தடியில் போய் நின்றேன். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. துவாயில் இருந்த குளிர்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக என் நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி, புருவத்தில் தங்கி, கண்ணுக்குள் போயிற்று. துடைக்க முடியாது. கை நகத்தால் ஹெல்மெட்டைச் சொறிந்தேன்.

அப்போது அவள் படியை விட்டு இறங்கினாள். ரெட்டைச் சடை. ஒரு கால், நின்று மரத்தை ஒரு பார்வை, அப்புறம் அடுத்த கால். என்னைச் சுற்றி வந்தாள். தொடைத் தகட்டில் விரலால் தட்டினாள். நான் ஹெல்மெட்டைச் சொறிந்ததில் டேப் விட்டு, இடது கைத் தகடு உள்பக்கம் வெளியாகத் திரும்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். சிவப்பு நிறத்தில், பெரிதாக, ஐந்து.

கையைப் பின்னால் மறைத்தேன். பிந்திவிட்டது. அவள் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"இது எங்க அஞ்சு."

நட்சத்திரத்து வீரன் கையை இன்னும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல, நீங்களே வச்சிக்கங்க. இல்லாட்டி ஒங்களுக்குக் கொட்டிரும்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வாங்கடா, ஒன்னும் செய்யாது," என்று கத்தினாள்.

வந்தார்கள். முதலில் இரண்டு, அப்புறம் கொத்தாக. டயர் ஊஞ்சல் ஆடத் தொடங்கியது. நான் நிற்கும் வரைதான் காவல் என்று அவர்களுக்குள் பேச்சாகிவிட்டது, ஆகவே நகரவும் முடியாது. உள்ளே ஸ்வெட்டர் என்னை வேகவைத்துக்கொண்டிருந்தது. மூச்சு அடைத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நெஞ்சின் படமே கண்முன்னால் இருந்தது வேறு. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் என்னை அடக்கப் பார்த்தேன், சத்தமாக எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில் நின்ற பிள்ளைகள், நட்சத்திரத்தில் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்து, அவர்களும் எண்ணினார்கள்.

அந்த அம்மா காலிச் சோற்றுத் தட்டும் தண்ணீர்ப் போத்தலுமாக வந்தார். "நம்ம ஊருத் தண்ணி இவருக்குப் புடிக்குதான்னு பாப்போம்," என்று பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே சேலைன் குழாயைப் போத்தலில் சொருகினார். பிறகு பின்னால் வந்து முதுகுத் தகட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, தட்டால் உள்ளே விசிறினார். அந்தக் காற்று முதுகில் பட்டதை என்னால் எழுத முடியாது.

"அம்மா," என்றேன், "வேர்க்குது."

"இருக்கட்டும்ங்கய்யா."

"எவ்வளவு நேரம்?"

"நேரத்த எண்ணாதீங்க. புள்ளைங்களப் பாருங்க."

அவர் விசிறுவதை நிறுத்தவில்லை. தகட்டைப் பிடித்திருந்த அவர் கை இன்னும் லேசாக நடுங்குவது முதுகில் தெரிந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகளைப் பார்த்தேன். பதினேழும் இருக்கிறதா என்று என் விலா எலும்புகளுக்கு நடுவே எண்ணத் தொடங்கினேன். ஊஞ்சலில் ஒன்று. மரத்தைச் சுற்றி இரண்டு, மூன்று. பீலிப் பக்கம் நாலு, ஐந்து, ஆறு. ஏழு வரைக்கும் வந்தேன். எட்டாவது பிள்ளை என்று நினைத்தது, மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஓடி வந்த ரெண்டாவது பிள்ளை.